மிச்சமிருக்கும் ஒரு கை

பொரிப் பொட்டலம் எல்லார் கைக்கும் வந்திடுச்சுங்களா? வந்திடுச்சு... இனி என் பேச்சு யார் காதுல விழப் போகுது! பரவாயில்லைங்க, கொறிச்சுக்கிட்டே இருங்க. நம்ம திருப்பூர்ல நடந்த ஒரு சின்னச் சங்கதியைச் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்.

கலாமணின்னு ஒரு அம்மாங்க. தையல் மெஷின் மெக்கானிக். பனியன் தைக்கிற சின்னச் சின்ன யூனிட்டுல மெஷின் நின்னு போச்சுன்னா அந்தம்மாவுக்குத்தான் போன் போகும். டூல்ஸ் பை முழுசையும் தூக்கிட்டு மாடி மாடியா ஏற முடியல. சரி, இடுப்புப் பையில போட்டுக்கற மாதிரி ஒரு மல்டி டூல் வாங்கிக்கலாம்னு நினைச்சுது. கத்தி, குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒண்ணுக்குள்ளயே மடங்கிக் கிடக்குமே, அது.

நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? நேரா கடைக்குப் போயி, இருக்கறதுலயே எதுல ஐட்டம் ஜாஸ்தின்னு கேப்போம். கேப்போமா இல்லைங்களா? கலாமணி கேக்கல. ஒரு வாரம் பொறுத்துச்சு. வேலையில எந்தச் சாமானுக்குக் கை போகுதோ, அதுக்கு ஒரு கோடு... துணிக்குக் கோடு போடற சாக்பீஸ்ல, பை மேலயே போட்டு வச்சுது. வாரக் கடைசியில எண்ணிப் பார்த்தா, கை போனது மூணே மூணு சாமானுக்குத்தான். கத்தி, குறடு, ஸ்க்ரூ டிரைவர். முடிஞ்சுது.

அப்புறந்தான் கடைக்குப் போச்சு. கூடவே வீட்டுக்காரர் சென்னியப்பன். கடைக்காரர் வரிசையா எடுத்துப் போடறார். அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிச்சு. ஒத்தக் கையிலயே ஒவ்வொண்ணா திறந்து பார்க்குது. நகத்தை விட்டு நெம்பினாத்தான் திறக்குமா? வேண்டாம். இன்னொரு கையும் வேணுமா? அதுவும் வேண்டாம். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கல. கை கிய் வலிக்குதாம்மான்னு கேட்டுட்டார்.

"வலியெல்லாம் இல்லீங்ண்ணா. மெஷினுக்கு அடியில ஒரு கையில பெல்ட்டைப் பிடிச்சிருக்கறப்ப, எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு கைதானுங்களே."

கடைசியில எடுத்தது, கருப்பா சின்னதா ஒண்ணு. நானூத்தம்பது ரூபா. கட்டை விரல்ல தள்ளினா கத்தி வெளிய வந்து நிக்கும். சென்னியப்பன் விடுவாரா? அவரும் ஒண்ணு எடுத்தார். பதினெட்டு ஐட்டம், பளபளன்னு, தோல் உறையோட, மூவாயிரத்துக்குப் பக்கம். அதுல மீன் செதில் சீவறதுக்குக்கூட ஒரு பிளேடு இருந்துச்சாம்... மனுஷன் சுத்த சைவங்க! வர்ற வழியெல்லாம், என்ன புள்ள, பென்சில் சீவறதை வாங்கிட்டு வந்திருக்கேன்னு ஒரே கிண்டல்.

ஆயுத பூஜை வந்துச்சு. ரெண்டு பேரோட டூலுக்கும் சந்தனம், குங்குமம் வச்சாங்க. சூடம் காட்டிக் கும்பிட்டாங்க. அவிநாசியில அந்தம்மாவோட பொறந்த வீட்டுக்குக் கிளம்பறப்ப, கலாமணி தன்னோடதை எடுத்து இடுப்புப் பையில போட்டுக்கிச்சு. சென்னியப்பனுக்குக் கோபம். இன்னைக்கு ஒரு நாள் ஆயுதத்தைத் தொடக் கூடாதுன்னு தெரியாதான்னு சத்தம் போட்டார். அந்தம்மா சண்டைக்கு நிக்கல. கும்பிட்டாச்சுங்க, கூட வரட்டும்னு சொல்லிட்டு வண்டியில ஏறிக்கிச்சு.

ரோடெல்லாம் பூசணிக்காய் உடைச்சுப் போட்டிருக்கு. வழுக்கிடும்னு அவர் மெதுவாத்தான் ஓட்டினார். பின்னால கலாமணி, புதுச் சுடிதார், பட்டுத் துப்பட்டா... அது பறந்து பின் சக்கரத்துல மாட்டிக்கிச்சு. ஒரே இழுப்பு. வண்டி சாஞ்சுது. அந்தம்மா கழுத்து சக்கரத்துக்கிட்ட.

அவர் எந்திரிச்சு ஓடி வந்து, துணிக்கும் கழுத்துக்கும் நடுவுல இடது கை விரலைச் சொருகிட்டார். சக்கரத்தைப் பின்னால திருப்பறார்... அசையல. துணி செயினுக்குள்ள சிக்கிக் கிடக்கு. விரலை எடுத்தா மூச்சு நின்னு போகும். கத்தி, கத்தின்னு கூப்பாடு போடறார். ஆளுங்க ஓடறாங்க. எங்க ஓடுவாங்க? கடையெல்லாம் பூட்டு. இளநிக் கடையில தார்ப்பாய் கட்டியிருக்கு, அருவா அவங்க வீட்டுப் பூஜையில. பதினெட்டு ஐட்டமும் இவர் வீட்டுப் பூஜையில. ஊரே ஆயுதத்தைக் கும்பிடற நாள்... ஒரு கத்தி கிடைக்கலைங்க.

கலாமணிக்குப் பேச்சு வரல. கை மட்டும் இடுப்பைத் தட்டுது. தட்டுது... தட்டுது... அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுது. ஜிப்பைப் பிரிச்சு அதை எடுத்தார். ஒரு கை கழுத்துல இருக்கு. மிச்சம் இருக்கறது ஒரு கை. கட்டை விரல்ல தள்ளினார். திறந்துச்சு. அறுத்தார்.

அந்தம்மா மூச்சை இழுத்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குங்கன்னு சென்னியப்பன் எங்கிட்டச் சொன்னார். நடு ரோட்டுல உக்காந்து குழந்தையாட்டம் அழுதிருக்கார். நான் சும்மா இருக்காம, உங்க பெரிய டூல் இடுப்புல இருந்திருந்தாலும் அறுத்திருக்கலாமேன்னு கேட்டுப்போட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அதைத் திறக்க ரெண்டு கை வேணுங்க. நான் இந்தக் கையை எடுத்திருந்தா..." இடது கையை நீட்டிக் காமிச்சார்.

ஏனுங்க... கஷ்டம் வர்றப்ப நமக்கு ரெண்டு கை இருக்கும்னு யார் சொன்னா? ஒரு கை ஏற்கெனவே எதையோ தாங்கிப் பிடிச்சிருக்கும். நோயாளியை, கடையை, குடும்பத்தை... மிச்சம் இருக்கறது ஒரு கைதான். அந்த ஒரு கைக்குத் திறக்கற மாதிரி என்ன வச்சிருக்கோம்? படிச்சது பதினெட்டு இருக்கும், கேட்டது நூறு இருக்கும். பொறுமைன்னா என்னன்னு மணிக்கணக்காப் பேசுவோம், நானே பேசுவேன். ஆனா வீட்ல ஒரு பேச்சு தடிச்சா அந்தப் பொறுமையைத் திறக்க முடியுதா? நகம் உடையுது, திறக்க மாட்டேங்குது. ஏன்? தினம் எடுக்கல. சந்தனம் வச்சு அலமாரியில வச்சுட்டோம். எனக்கு நிறைய வேண்டாங்க. மூணு நல்ல குணம் போதும். தினம் கையில புழங்கணும், தள்ளினா திறக்கணும்.

அடுத்த வருஷம் பூஜை முடிஞ்சு கிளம்பறப்ப, கலாமணி எடுக்கறதுக்கு முன்னாலயே சென்னியப்பன் அந்தக் கருப்பு டூலை எடுத்தார். குங்குமத்தைத் துடைக்கக்கூட இல்ல. இந்தா புள்ள, பையில போட்டுக்கன்னு அவரே நீட்டினாருங்க.