மேட்டில் மரம் வேண்டாம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பாதிரியார் கிரெஸ்வெல் அம்மையார் அவர்களே, கொட்டும் மழையில் ஈரக் கோட்டோடு வந்திருக்கும் பெரியோர்களே, பின்னால் தேநீர்க் கெண்டியோடு போராடிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அருமை அண்ணன் க்ளிஃபர்ட் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

சென்ற மாதம் கண்மூடிய தம் துணைவியார் மார்ஜரி அம்மாவின் நினைவாக, ஹாரல் குன்றின் புதைமேட்டில் ஒரு மரம் நட அண்ணன் அனுமதி கேட்கிறார். ஊரே கைதூக்கிவிட்டது. நான் ஒருவன் மட்டும் மறுக்கிறேன். மரம் நடுவதை மறுக்க மேடையேறிய பாவி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

யாரங்கே, "உக்காருய்யா" என்பது? உட்காருகிறேன் ஐயா, தேநீர் வரட்டும்.

அது வெற்று மேடா? விரற்கடை மண், அதன் கீழே வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு, அதனுள்ளே பெயர் தெரியாத ஒரு பழங்கால மனிதனின் உறக்கம். அந்தப் புல்லைக் குட்டையாக வைத்தது யார்? ஆட்டின் வாய். முள்மரம் மூடாமல் காத்தது யார்? மனிதக் கை. அந்தக் கைகளில் ஒன்று யாருடையது?

போன குளிர்காலத்தில் மேட்டின்மேல் மண்டியிட்டு ஒரு முட்கன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மார்ஜரி அம்மா. "ஒத்தச் செடிதானேம்மா, விட்டுடுங்க" என்றேன்.

"ஒத்தச் செடிதான். வேர் விட்டா, கீழ படுத்திருக்கிறவரைத் தோண்டிடும். நிழல் விழுந்தா தரை குளிர்ந்துடும், எறும்பு இடத்தைக் காலி பண்ணிடும். எறும்பு இல்லாம என் நீலப் பட்டாம்பூச்சியோட புழுவை யாரு பாத்துக்கிறது, நீயா? வாயைக் குறைச்சுட்டு இதை இழு."

இழுத்தேன். பின்பக்கம் அடிபட விழுந்தேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடிவாரத்து ஆடெல்லாம் நிமிர்ந்து பார்த்தது.

அண்ணா, அவர் வாழ்நாளெல்லாம் எதைப் பிடுங்கினாரோ, அதையா அவர் பெயரால் நடுவது?

என்ன சொல்கிறீர்கள்? "அப்போ அவளுக்குன்னு நான் என்னதான்யா செய்யறது? வீடு வெறிச்சுன்னு கிடக்கு" என்கிறீர்கள். ஒரு வேலை இருக்கிறது அண்ணா. சனிக்கிழமை காலை, அம்மாவோடு வேலை செய்த நாங்கள் மேட்டில் முட்செடி எடுக்கிறோம். அம்மாவின் கையுறை கொட்டகை ஆணியிலேயே தொங்குகிறது. நாங்கள் யாரும் தொடவில்லை. நீங்கள் வாருங்கள்.

சற்று அமைதி, அண்ணன் ஏதோ சொல்கிறார்.

"அவ கை சின்னது, எனக்கு அது பத்தாது. என்னோடதை எடுத்துட்டு வர்றேன்" என்கிறார்.

இதற்குமேல் நான் பேசினால் அது பிழை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. குன்றேறி வரப்போகும் எங்கள் அண்ணனுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.