வாசலில் ஒரு சைப்ரஸ் கொப்பு

— சிரிக்காத நேவியா, பல்ல மூடு! சன்னல் திறந்து கிடக்கு.

— ரூட்டிலாக்கா, அந்தாளு செத்துட்டாருக்கா! குளிக்கப் போன இடத்துல சொந்த மெய்க்காவலனே குத்திட்டானாம். மீன் கடையில ரோமாபுரியே கூடி நின்னு பேசுது.

— போன வருசமும் இதே மீன் கடைதான் சொல்லுச்சு. ரொட்டிக்காரி நம்பி, சந்தோசத்துல வாசல்ல பூமாலை கட்டினா. மறுநாள் பேரரசர் சாஞ்சு உக்காந்து அத்திப்பழம் திங்கிறாரு, அவ குடும்பத்தோட சிங்கத்துக்குப் போறா. புரளியக் கிளப்பிவிட்டதே அவருதான்டி, யாரு சிரிக்கிறான்னு பாக்க!

— பட்டத்துக்கு வந்தப்ப எப்படி இருந்தாரு! வரியத் தள்ளினாரு, தெருத்தெருவா ரொட்டி குடுத்தாரு. "எங்க செல்லமே"ன்னு நாமதானே கத்தினோம்.

— காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்சாரு, எந்திரிச்சது வேற ஆளு.

— என் தம்பி என்னக்கா பண்ணினான்? அவரு முகம் போட்ட மோதிரத்தோட கக்கூசுக்குப் போனான். அதுக்குத் தலையையா எடுப்பாங்க?

— மெதுவாடி! கீழ்வீட்டுக்காரன் காது என் காதவிட நீளம்.

— இப்ப என்னதான் பண்றது?

— அழு. செத்திருந்தா, அழுதவள யாரும் கேக்கப் போறதில்ல. சாகலன்னா, சிரிச்சவள விட மாட்டாரு. இந்தா, சைப்ரஸ் கொப்பு. சாவு வீட்டுக்குக் கட்டுற மாதிரி உன் வாசல்ல கட்டு.

— கட்டிட்டேன்க்கா. உங்க வாசலுக்கு?

— ஒண்ணுதான் கிடைச்சுது. நான்தான் உன்கூட உக்காந்து அழறேனே, போதாதா? மாடத்துல இருக்குற அவரு சிலையக் கட்டிப்பிடி. ம், சத்தமா!

— ஐயோ... என் தம்பியக் கொன்ன...

— அடிப்பாவி, அத விடு! "எங்களத் தவிக்க விட்டுட்டீங்களே"ன்னு அழு.

— எங்களத் தவிக்க விட்டுட்டீங்களே... எங்கப்பனே... அக்கா! படிக்கட்டுல சிப்பாய்ங்க ஆணிச்செருப்புச் சத்தம்!

— பாத்தியா? நான் சொல்லல? வேவு பாக்க ஆளனுப்பிட்டாரு. இன்னும் ஓங்கி அழு!

— கதவத் திற! புதுப் பேரரசர் உத்தரவு. செத்த கொடுங்கோலன் சிலையெல்லாம் உடைச்சுக்கிட்டு வர்றோம், இங்க என்னடான்னா கொப்பு கட்டி ஒப்பாரி! யாரு கட்டினது?

— அக்கா... நீங்க சொல்லுங்கக்கா.

— இவதான்யா! நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே? இந்தச் சிலைய உடைக்கத்தான் நானே ஓடி வந்தேன். கொஞ்சம் அந்தச் சம்மட்டியக் குடுங்க.