கொய்யா மரத்து மேல பழி

வேணுகோபால்: ...தறிக்குழியில காலை விட்டா சொதசொதன்னு இருக்குது சுதாகர். நாத்து நடற மாதிரி சேத்துல உக்காந்து நெய்ஞ்சிகினு இருக்கேன்.

கிருஷ்ணம்மாள்: நாத்தம் வேற. நெய்யறதோ கல்யாணப் புடவை. பொண்ணு கட்டிகினு மணையில உக்காந்தா மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்குவாரு.

சுதாகர்: இருங்கக்கா. செப்டிக் டேங்குலருந்து வழியற தண்ணி இந்த ஜல்லிக் குழியில எறங்கணும். அப்புறம் மண்ணு குடிச்சிக்கும். இப்ப மண்ணு குடிக்க மாட்டேங்குது. அதான் பக்கவாட்டுல தறிக்கு வந்துடுது.

வேணுகோபால்: ஏன் குடிக்க மாட்டேங்குது?

சுதாகர்: அதைப் பாக்கத்தான என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. ஏண்ணா, அங்க அவ்ளோ பெரிய அடுப்பு எதுக்கு?

கிருஷ்ணம்மாள்: பட்டு நூலு வேவைக்க. சோப்பு போட்டு வேவச்சாத்தான் நூல்ல இருக்கற பசை எறங்கும். நீங்க படவேட்டுக்காரரு, உங்களுக்கு நெல்லு வேவைக்கத்தான் தெரியும்.

சுதாகர்: கிண்டலு... சரி, அந்தப் பசைத் தண்ணிய எங்க ஊத்தறீங்க?

வேணுகோபால்: தெருக்கோடி கால்வாயில...

கிருஷ்ணம்மாள்: ...குண்டானோட தூக்கிகினு போய்...

வேணுகோபால்: ...முறை வச்சி. காலையில நானு...

கிருஷ்ணம்மாள்: ...சாயங்காலம் நானு. இந்தக் குழியில ஊத்துனா அடைச்சிக்கும்னு எங்க பொண்ணு காவ்யா அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னா.

சுதாகர்: ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ண மாதிரி சொல்றீங்களே... அப்ப சந்தேகமே இல்ல. இந்தக் கொய்யா மரம்தான். வேரு குழாய்க்குள்ள பூந்திருக்கும்.

வேணுகோபால்: ஆமா, வேருதான்.

கிருஷ்ணம்மாள்: வேரேதான்.

வேணுகோபால்: நீயா சொல்றே? கேக்காம ஒரு காய் பறிச்சா அன்னிக்குப் பூரா எங்கிட்ட பேச மாட்டியே.

கிருஷ்ணம்மாள்: அதுக்காக... நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல. நீங்க தோண்டுங்க சுதாகர்.

சுதாகர்: ...தோண்டியாச்சுக்கா. வேர் ஒண்ணையும் காணோம். ஜல்லி பூரா வழவழன்னு... இது இன்னா, வெண்டைக்காய் நறுக்கின மாதிரி?

வேணுகோபால்: அது... கொய்யாப் பிசினு.

சுதாகர்: கொய்யாவுல பிசினா? எங்க ஊர்ல தோப்பே வச்சிருக்கோம்ணா.

கிருஷ்ணம்மாள்: ஆரணி மண்ணுல வரும்.

சுதாகர்: சோப்பு வாசனையோடயா வரும்?

கிருஷ்ணம்மாள்: அது... இவரு குளிக்கறப்ப நெறைய சோப்பு போடுவாரு.

வேணுகோபால்: நானா?

கிருஷ்ணம்மாள்: நீங்கதான்.

வேணுகோபால்: ...ஆமா. கொஞ்சம் நெறையத்தான் போடுவேன்.

சுதாகர்: இன்னாவோ போங்க. இந்த ஜல்லிய வாரிக் கொட்டிட்டு, புதுசு போட்டு, வேற குழாய் எறக்கறேன். ஆனா நீங்க சொல்ற மாதிரி மரத்துப் பிசினுதான்னா, மரம் இருந்தா மறுபடியும் இதே பேஜாருதான். கோடாலி எடுக்கட்டா?

கிருஷ்ணம்மாள்: எடுங்க... இருங்க, இருங்க. தாழ்ந்த கிளையில காய் இருக்குது, பறிச்சிக்கறேன். காவ்யா வந்தா மொதல்ல இங்கதான் ஓடியாருவா...

வேணுகோபால்: அழுவறியா?

கிருஷ்ணம்மாள்: கண்ணுல தூசி.

வேணுகோபால்: கொல்லை பூரா ஈரம். தூசி எங்கருந்து வந்துச்சு?... சுதாகர், கோடாலிய கீழ வை.

சுதாகர்: ஓங்கிட்டேண்ணா. எதுவா இருந்தாலும் ஜல்தி சொல்லுங்க.

வேணுகோபால்: மரத்து மேல தப்பு இல்லப்பா. எனக்குக் காலையில இடுப்பு புடிச்சிக்குது. தெருக்கோடி வரைக்கும் யாரு தூக்கிகினு போறதுன்னு... பாத்ரூம்லயே ஊத்திகினு இருந்தேன். கிச்சம்மா, திட்டணும்னா என்னைத் திட்டு. மரத்த விட்டுடு.

சுதாகர்: அப்படிப் போடுங்க. ஆனாண்ணா, ஒரு வேளைத் தண்ணியில இவ்ளோ பசை சேராதே...

வேணுகோபால்: சேந்திருக்குதேப்பா. கிச்சம்மா, கோவமா?

கிருஷ்ணம்மாள்: கோவப்பட எனக்கு மூஞ்சி ஏது... சாயங்காலத் தண்ணியும் அங்கதான் போச்சு. நான் ஒருத்தி ஊத்துனதுலதான் அடைச்சிகிச்சுன்னு பயந்து, வளத்த மரத்தையே வெட்டச் சொல்லிட்டு நிக்கறேன் பாருங்க.