கைக்குள் அடங்குகிற பிஸ்டல்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுவிஸில் சூக் நகரத்தில் சொந்தமாய் இரண்டு சாப்பாட்டுக்கடை போட்டவன் நான். என் காதுக்கு எதுவும் தப்பாது. அட்லிஸ்வில் ரயிலில், வேலை முடிந்து களைத்த ஒரு தகப்பனும் மகளும் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"அப்பா, நான் ஒரு பிஸ்டல் வாங்கப்போறன்."

"சுடுற கிளப்பில ஒண்டு தருவினம்தானே?"

"அது தடிப்பு, என்ர கைக்குள்ள நிக்காது. இது பிளாஸ்டிக் உடம்பு, மெல்லிசு. ஆனா போடுற குண்டு பெரிசு. இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்கினம்."

"எங்க வைப்பாய்?"

"என்ர அறையில, பூட்டி."

தகப்பன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஊரில ஆமி வந்து தட்டின நாளில இருந்து, கதவைப் பலமாத் தட்டினாலே அம்மா இப்பவும் லைட்டை நூர்த்து இருட்டாக்கிறவள், பிள்ளை."

மகள் இறங்க எழும்பும்போதுதான் சொன்னாள்.

"சரி அப்பா. கிளப்பில தாற தடிச்சதையே பிடிச்சுப் பழகுறன்."