கண்ணிலிக் குடும்பத்தைக் கலைத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இலுப்பூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, மாணவ மாணவியரே! இரங்கல் சொல்ல வந்த நான் வெட்கத்தோடு நிற்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் நிலவியல் பேராசிரியர் முனைவர் அமராவதி அம்மையார் தம் வாழ்நாளை ட்ரைலோபைட்டுகளுக்குக் கொடுத்தவர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து, அடியோடு அழிந்துபோன ஓட்டுயிர்கள் அவை. இமயமலைக் கற்களில் கண்ணே இல்லாத சிலவற்றைக் கண்டு, தனிக் குடும்பமாக வகைப்படுத்தினார். ‘கண்ணிலிக் குடும்பம்’ என்று கொண்டாடினோம். எத்தனை மாலைகள்! திருக்கோகர்ணத்தில் அவர் வீடு வரை மேளம்!

பிறகொரு நாள் புதிய கல் ஒன்றை உடைத்தார். கண்ணில்லாத ஓட்டுக்குப் பக்கத்திலேயே, அதன் தலையிலிருந்து பிரிந்த கன்னத்துண்டு கண்ணோடு கிடந்தது. நண்டைப்போல இவையும் ஓட்டைக் கழற்றுபவை. அப்போது கண்ணுள்ள பகுதி தனியே பிரிந்துவிடும். அவர் பெயர் சூட்டியது, முன்பே அறியப்பட்ட ஓர் இனம் கழற்றிப்போட்ட ஓடுகளுக்கு!

யாராவது சுட்டிக்காட்டினார்களா? இல்லை. அவரே எழுதி அந்தக் குடும்பத்தை நீக்கினார். அவர் எழுதப்போகிறார் என்று தெரிந்ததுமே அன்றைய துறைத்தலைவர் மலையாண்டி, “கொஞ்ச நாள் பொறுங்கம்மா, காலேஜ் பேரு கெட்டுப்போயிரும்” என்றார்.

“எனக்கும் வெக்கமாத்தான் சார் இருக்கு. அதுக்காக இல்லாததை இருக்குன்னு புள்ளைகளுக்கு எப்படி நடத்துறது?” என்றார் அம்மையார்.

அன்பர்களே, இன்று நான் செய்தது என்ன? துறைத்தலைவராகிய நான் எழுதிக்கொடுத்த வாசகம், இதோ, அவர் படத்துக்கு மேல் தொங்குகிறது: ‘கண்ணிலிக் குடும்பம் கண்ட மேதை!’ எழுதும்போது யோசித்தேனா?

சற்று முன் அவர் மகள் பிரகதீஸ்வரி வாசலில் என்னைத் தனியே அழைத்தார். “அம்மாவே வேணாம்னு எடுத்த பேருங்க சார் அது. அவங்க படத்துக்கு மேலயே போட்டிருக்கீங்களே?”

“இப்பக் கழட்டுனா எல்லாரும் பாப்பாங்களேம்மா” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்தா வந்தது!

“பாக்கட்டுங்க சார்.”

பாலாஜி, சுடர்விழி, அந்த பேனரை இறக்குங்கள். இப்போதே இறக்குங்கள்.

அம்மையார் வகைப்படுத்தாமல் விட்டுச்சென்ற கற்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன. அந்த வேலையை நம் துறை தொடரும். பிழை நேரும், நேர்ந்தால், பிறர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் நாங்களே சொல்வோம். அவர் படத்தின் முன் நான் தரும் வாக்கு இது.

இனி மலர் தூவலாம். துறைத்தலைவர்தான் தொடங்கவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. இன்று எனக்கு அந்தத் தகுதி இல்லை. பிரகதீஸ்வரி, நீங்க முதல்ல வாங்கம்மா.