பதினேழாம் எண் சாலைக்கு ஒரு பாராட்டு விழா

இந்த அவைக்குத் தலைமையேற்று, பரிசுக் கேடயத்தைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மாவட்ட ஆணையர் குழுத் தலைவர் திரு. வார்ட் ஹெல்கசன் அவர்களே! தலைநகரிலிருந்து இரண்டு மலைகளைத் தாண்டி வந்து, அந்தக் கேடயத்தைத் தம் கையால் வழங்கிய மாநிலத் தகவல் துறை அம்மையார் அவர்களே! விழா வேலையெல்லாம் தனியொருத்தியாய்ச் செய்து முடித்துவிட்டு, இப்போது என் முகத்தைப் பார்க்காமல் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்ட எழுத்தர் பெவர்லி கூன்ஸ் அவர்களே! முன்வரிசையில் தொப்பியை முழங்காலில் மாட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் பூசணிப் பலகாரங்களுக்குக் காவல் நிற்கும் தாய்மார்களே! சந்தைக் கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, இமையை அசைத்தே விலை கேட்கும் அருமை நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் ஏலக்காரி கோரா ஸ்ட்ரூபின் பணிவான வணக்கம்.

இன்று நீங்கள் தாராளமாகத் தலையாட்டலாம். மாடு எதுவும் உங்கள் பெயரில் விழாது.

என்னை ஏன் பேச அழைத்தார்கள்? பெவர்லி சொன்ன காரணம் இரண்டு. ஒலிபெருக்கி பழுதானாலும் என் குரல் பழுதாகாது என்பது ஒன்று. நான் யார் பக்கமும் சேராதவள் என்பது மற்றொன்று. உண்மைதான். விற்பவன் அழுதாலும், வாங்குபவன் சிரித்தாலும், நடுவில் நின்று விலையைச் சொல்லிக்கொண்டே போவதுதான் என் பிழைப்பு. இன்றும் அப்படியே நடுவில் நின்று பேசுகிறேன்.

எதற்காக இந்த விழா? அரசின் தகவல்களை மின்னணு வழியில் மக்கள் எல்லோரும் பெறவேண்டும் என்று நம் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அறிவிப்பா, இணையத்தில் போடு! தீர்மானமா, இணையத்தில் போடு! வரைபடமா, அதையும் போடு! கேட்பவரிடம் காரணம் கேட்காதே! அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய மாவட்டங்களில் நம் மாவட்டம் முதலிடம். மகிழ்ச்சி. கை தட்டுங்கள்.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டலாம். இது நல்ல சட்டம். வஞ்சப் புகழ்ச்சி என்று யாரும் நினைக்கவேண்டாம். முன்பெல்லாம் ஒரு நகல் வேண்டுமென்றால் அலுவலக முகப்பில் நின்று, எதற்கு, யாருக்கு, எந்த வழக்குக்கு என்று சாட்சிக் கூண்டில் ஏறியவர்போல் பதில் சொல்லவேண்டும். இன்று யார் கேட்கிறார்கள்? பள்ளிக் குழாயில் ஈயம் கலந்திருப்பதை, கதிர் அறுக்கும் எந்திரத்தில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் படித்துக் கண்டுபிடித்தாள் ஒரு தாய். குழாய்கள் மாறின. குழந்தைகள் பிழைத்தன. யாரால்? இந்தச் சட்டத்தால்! இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல என் நாக்கு எழாது.

"அப்புறம் என்ன கோரா, சாப்பிடப் போலாமா?" என்கிறார் அங்கே ஒருவர். பொறுங்கள் ஐயா, பூசணிப் பலகாரத்துக்குக் கால் முளைக்காது. நான் இன்னும் சரக்கையே மேடைக்குக் கொண்டுவரவில்லை.

மார்வா டீட்ஸை நீங்கள் அறிவீர்கள். கடைசி வரிசையில், கதவோரமாக, மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கணவன் லெனர்டையும் அறிவீர்கள். தானியக் கிடங்கின் புழுதியை வாழ்நாளெல்லாம் மூச்சாய் இழுத்தவன். இன்று உருளையிலிருந்து வரும் ஆக்சிஜனை இழுத்து உயிர் வாழ்கிறான். அந்த உருளைகளை நகரத்திலிருந்து ஒரு வண்டி வாராவாரம் கொண்டுவரும்.

போன மாதம் வண்டி வரவில்லை. தொலைபேசிதான் வந்தது. வண்டியோட்டும் இளைஞன் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நின்று பேசுகிறான். மார்வா எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"மேடம், உங்க வீட்டுக்கு ரோடே இல்லன்னு காட்டுது."

"எது காட்டுது?"

"போன்ல இருக்கற மேப்பு, மேடம். மாவட்டம் மூடிருச்சாம்."

"தம்பி, நீ இப்ப எது மேல நின்னு பேசிட்டிருக்கே?"

"ரோட்டு மேலதான்."

"அப்ப அது மேலயே நேரா வா. கடைசில ஒரு வீடு இருக்கும். அதுல நான் இருப்பேன்."

"மேப்புல இல்லாத ரோட்ல வண்டிய விட்டா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க மேடம். தப்பா நெனைக்காதீங்க."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மார்வா சிரிக்கவில்லை. தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போய், அத்தனை உருளைகளையும் தன் கையாலேயே மாற்றி ஏற்றினாள்.

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே! மாவட்டம் ஒரு சாலையைக் கைவிடுகிறது. வலைத்தளத்தில் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு நகரத்து வண்டியின் கைப்பேசிக்குத் தெரிகிறது. முன்பின் பார்த்திராத ஊர்களில் இருக்கும் கணினிப் பெட்டிகளுக்கெல்லாம் தெரிகிறது. அந்தச் சாலையின் முடிவில் குடியிருந்து, அதில் தினமும் போய்வரும் மார்வாவுக்குத் தெரிந்ததா? அவள் கணவனுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை! காற்றடித்தால் அறுந்து, பனி பெய்தால் படுத்துக்கொள்ளும் இணையம் அவர்களுடையது. நம் பள்ளத்தாக்கில் பாதிப் பேருடையதும் அதுதான்.

மார்வா நேரே, மாவட்ட அலுவலகம் இருக்கும் நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனாள். வாசல் கதவில், நாமெல்லாம் காப்பியும் கையுமாக நின்று படிக்கும் அறிவிப்புப் பலகை இருக்குமே, அதைக் காணோம். ஆணி அடித்த ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே முகப்பில் மறைப்பு இறக்கப்பட்டிருந்தது. எல்லாத் தகவலும் இணையத்தில் என்று ஓர் அட்டை தொங்கியது. தட்டினாள். பெவர்லி எட்டிப் பார்த்தார். பெவர்லி, நான் மாற்றிச் சொன்னால் எழுந்து திருத்துங்கள்.

"மார்வா, கோச்சுக்காதே. சட்டப்படி எத்தனை நாள் போடணுமோ அத்தனை நாள் போட்டோம். யாரும் ஆட்சேபிக்கல."

"யாரும் பாக்கல பெவ்."

"பாக்கறதுக்கு வெச்சிருந்தோம்ல?"

"நல்லா வெச்சீங்க. யாரு ஓட்டுப் போட்டது?"

"ஆணையர் மூணு பேரும்தான்."

"வார்டுமா?"

"வார்டும்."

அதோடு மார்வா திரும்பி வெளியே நடந்தாள். வார்ட் யார்? லெனர்டின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மோதிரத்தைப் பாக்கெட்டில் வைத்திருந்த மாப்பிள்ளைத் தோழன்! மான் வேட்டைக் காலத்தில் அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்! அவர் கையைத் தூக்கி அந்தச் சாலையை மூடினார். மாவட்டம் கைவிட்ட சாலைக்குப் பனி வாரும் வண்டி வராது. இது அக்டோபர். மலை உச்சியில் வெள்ளை விழுந்துவிட்டது. வழி அடைபட்டால் உருளை வராது. உருளை வராவிட்டால் லெனர்ட் என்ன ஆவான் என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

அங்கிருந்து அவள் வந்த இடம் என் அலுவலகம்.

"கோரா, எங்க இடத்துக்கு ஒரு தேதி குறி. ஆடு, டிராக்டர், வீட்டுச் சாமான், எல்லாத்தையும் போட்டுரு."

"என்னடி ஆச்சு உனக்கு? வார்ட்கிட்ட பேசினியா?"

"பேசறதுக்கு என்ன இருக்கு? எங்களுக்கு ரோடு வேணாம்னு கை தூக்கிட்டான்."

"லெனர்ட் என்ன சொல்றான்?"

"நகரத்து அபார்ட்மெண்ட்ல ஜன்னல் இருக்குமான்னு கேக்கறான்."

என் பிழைப்பே பிறர் வீட்டுச் சாமானை விற்பதுதான். எத்தனையோ பேரின் கட்டிலையும் தொட்டிலையும் விற்றிருக்கிறேன். மனம் மரத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று எனக்கு வலித்தது. இருந்தாலும் தேதி குறிக்குமுன் சரக்கின் வரலாற்றைப் பார்ப்பது என் வழக்கம். நூலகத்துக்குப் போய், நம் பரிசு பெற்ற வலைத்தளத்தைத் திறந்தேன். திறந்தது என்று சொல்லமுடியாது. திரையில் சக்கரம் சுற்றியது. நான் வீட்டுக்குப் போய்க் குதிரைக்குத் தீனி வைத்துவிட்டு வந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

கடைசியில் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, யாரும் குடியில்லாத சாலைகள் என்று எந்திரம் பிரித்துக் கொடுத்த வரிசை. மார்வாவின் கூரை அடர்ந்த மரங்களின் அடியில் இருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். இலைக்கு ஆக்சிஜன் உருளை எதற்கு என்று எந்திரம் நினைத்திருக்கும்! அந்த வரிசையில் என்ன இருந்தது? எண்கள். வெறும் எண்கள். அவற்றில் ஒன்று பதினேழு.

இப்போது, தலைவர் அவர்களே, நடுவில் நிற்பவள் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பொதுவில் எடுத்த முடிவைப் பொதுவில் கேட்பதுதான் முறை. மாவட்டச் சாலை எண் பதினேழு எங்கே இருக்கிறது?

தலைவரிடம் ஒலிபெருக்கி இல்லை. அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன். அதுவும் என் தொழில்தான். "நாங்க மூடினது மார்வா வீட்டு ரோடு இல்ல, பழைய பீட்ரூட் கிடங்குப் பக்கம், ஆளில்லாத ரோடு" என்கிறார்.

சிரிக்காதீர்கள்! சிரிப்பவர்கள் சொல்லுங்கள், பதினேழு எது? தெரிந்தவர் கையைத் தூக்குங்கள். நான் விலை கேட்கவில்லை, பயப்படாமல் தூக்குங்கள். யாருமில்லையா? எப்படி இருப்பார்கள்? இந்த மாவட்டத்தில் பிறந்த எவர் சாலைக்கு எண் சொன்னார்? கீஃபர் வீட்டுச் சாலை என்போம். ஹெல்கசன் வீட்டுச் சாலை என்போம். வாசல் பலகையில் ஒட்டிய காலத்தில், எண்ணுக்குக் கீழே இன்னார் வீட்டுச் சாலை என்று பேனாவால் எழுதியே ஒட்டினார்கள். வலைத்தளத்தில் அதற்கு இடமில்லை. வலைத்தளத்தைக் கட்டியவரும் நம் ஊர்க்காரர் இல்லை.

அதோ ஒரு கை. ஒரே ஒரு கை. மார்வா டீட்ஸின் கை.

தலைவர் எழுந்து நிற்கிறார். கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று எல்லோரும் கேளுங்கள்.

"மார்வா, அது உங்க வீட்டு ரோடா?" என்கிறார்.

மார்வாவின் குரலுக்கு என் உதவி தேவையில்லை. ஆனாலும் முன்வரிசைப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். "எங்க வீட்டு ரோடு இல்ல வார்ட், அது பதினேழு" என்கிறாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மார்வா. அந்த மேப்பு ஃபைல் பெவ் உள்பட எங்க யாருக்கும் தெறக்கல. வெறும் நம்பரப் படிச்சாங்க, கைய தூக்கினோம்."

கேட்டீர்களா தாய்மார்களே? கேட்டீர்களா தலைநகரத்து அம்மையார் அவர்களே? போட்டவருக்குத் திறக்கவில்லை! வாக்களித்தவருக்குத் திறக்கவில்லை! வாழ்கிறவருக்குத் திறக்கவில்லை! யாருக்கும் திறக்காத ஒன்றைத் திறந்து வைத்ததற்காகத்தான் இந்தக் கேடயமா?

சட்டம் என்ன சொன்னது? இன்னொரு ஜன்னலைத் திற என்றது. இருந்த கதவை இழுத்துச் சாத்து என்றதா? பலகையைப் பிடுங்கச் சொன்னதா? முகப்பில் மறைப்பை இறக்கச் சொன்னதா? பெயரை அழித்து எண்ணை எழுதச் சொன்னதா? எந்த வரியில் சொன்னது, எந்தப் பிரிவில் சொன்னது, எனக்குக் காட்டுங்கள்! நான் முழுவதும் படித்தேன். அப்படி ஒரு சொல் அதில் இல்லை. நல்ல சட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சோம்பலை நாமே சேர்த்துக்கொண்டோம். ஏலக் கூடத்தில் எனக்கு ஒரே விதிதான்: மக்கள் பார்க்காத சரக்கின்மேல் சுத்தியலைத் தட்டமாட்டேன். வைத்தோம் என்றால் போதாது. பார்த்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுவேன். மாட்டுக்கே அந்த மரியாதை உண்டென்றால், மனிதர் நடக்கும் சாலைக்கு வேண்டாமா?

தலைவர் இன்னும் உட்காரவில்லை. "இப்பவே திருப்பித் தரேன்னு சொல்ல ஆசைதான். ஆனா மறுபடி கூட்டம் போட்டு, அறிவிப்புக் குடுத்துத்தான் முடிவு மாத்தணும். அதுவும் சட்டம். அதுவரைக்கும் பனி விழுந்தா என் டிராக்டர் வந்து வாரும்" என்கிறார். சரியான பேச்சு. சட்டத்தை மீறிக் கிடைக்கும் சாலை மார்வாவுக்கும் வேண்டாம்.

மார்வா எழுந்துவிட்டாள். "அந்த அறிவிப்ப எங்க போடுவே வார்ட்?"

"இன்டர்நெட்ல போடுவேன். வாசல் பலகைய மாட்டி அதுலயும் போடுவேன். நானே கையில எடுத்துட்டு வந்து உங்க கதவையும் தட்டுவேன்."

"தட்டு. லெனர்ட்தான் வந்து தெறப்பான். டியூப இழுத்துட்டு மெதுவாத்தான் வருவான். ஒரு தரம் தட்டிட்டு, யாரும் ஆட்சேபிக்கலன்னு திரும்பிப் போயிராதே. நின்னு காத்திரு."

தலைவர் தலையாட்டுகிறார்.

என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், எழுந்து நின்ற தலைவருக்கும், கையைத் தூக்கிய மார்வாவுக்கும் என் நன்றியைச் சொல்லி அமர்கிறேன். எல்லோருக்கும் வணக்கம். போய்ச் சாப்பிடுங்கள்.