டெலிபோனின் காது

நல்ல காது வாய்த்தவனுக்கு இந்த உலகத்தில் செலவு அதிகம் ஐயா. நாக்கு ருசி கண்டவன் ஒரு துண்டுக் கருவாட்டோடு சமாளித்துக்கொள்வான். கண் ருசி கண்டவனுக்கு மலையும் மேகமும் சும்மா கிடைக்கின்றன. காது அப்படி இல்லை. அதற்குச் சாமான் வேண்டும்.

நீங்கள் ஆண்டியப்பனின் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா இந்த மழையில் ஜீப் ஏறி வந்து, தோட்டத்து ஆபீசில் என்னை எதிரே உட்காரவைத்திருப்பது அதற்குத்தான் என்று தெரியும். ஆனால் ஹெட்போனிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. என்னைக் கெட்டவன் என்றுகூட நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் இக்னேசியஸ். இந்தத் தோட்டத்துத் தபால்காரன். காலையில் தலவாக்கலைக்குப் போய்த் தபால் பையை வாங்கி வருவேன். மீதி நேரம் ஆபீசைக் கூட்டுவேன், பெரிய கிளாக்கருக்குத் தேத்தண்ணி ஊற்றுவேன், அவருடைய சப்பாத்துக்குப் பாலிஷ் போடுவேன். என்னிடம் ஒரு கிறிஸ்டல் ரேடியோ செட் இருக்கிறது. அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கூரைமேல் ஒரு கம்பியை இழுத்துவிட்டால் கொழும்பில் போடுகிற பாட்டு நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு வந்துவிடும். ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்க முடியும். என் ஹெட்போன் சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போனது. இடது பக்கம் பாடும். வலது பக்கம் செத்துப் பல வருஷமாகிறது.

ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா ஐயா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கலியாணம் பார்க்கப் போனது போல இருக்கும். வலது காதுக்கென்று எதையோ தனியாகப் பாடுகிறார்கள், அது எனக்கு வராமல் வீணாகப் போகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. அப்படி ஒரு எண்ணம் வந்த பிறகு மனிதனுக்குச் சோறு இறங்காது.

ஆகவே நல்லதாக ஒன்று பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் வசதிக்குள் அதை எப்படிச் செய்வது என்று ஆற அமர யோசித்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

தலவாக்கலையில் சாகுல் நானா கடையில் இரண்டு பக்கமும் பாடுகிற ஹெட்போன் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தினமும் தபால் பையோடு போய் அதைப் பார்ப்பேன். விலையைக் கேட்டுவிட்டு, என்னால் எவ்வளவு முடியும் என்று சொன்னேன்.

"தம்பி, நீங்க கேக்கிறது ஆனை. கொண்டு வந்திருக்கிறது ஆட்டுக்குட்டி வாங்கிற காசு" என்றார்.

சரி, முழுதாக மாற்ற வேண்டாம், செத்த பக்கத்தை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். அது சிக்கனமான யோசனை என்று அவரும் ஒப்புக்கொண்டார். "ஆனா ஒத்தக் காது தனியா வாறதில்ல தம்பி. பழைய டெலிபோன் எங்கயாச்சும் கெடச்சா கொண்டு வாங்க. அதுக்குள்ள இருக்கிறதும் இதே சாமான்தான்" என்றார். அவர் வெள்ளை மனதோடு சொன்னது அது. நானாவை இதில் இழுக்க வேண்டாம்.

அப்போதும் நான் நேர்மையான வழியைத்தான் முதலில் பார்த்தேன். என் பெண்சாதி றோசலினிடம் காதுத் தோட்டைக் கழற்றித் தரும்படி கேட்டேன். அடகு வைத்துப் பிறகு மீட்டுத் தருவதாகச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, எங்காத மூளியாக்கிட்டு ஒங்க காதுக்கு நக பூட்டப் போறீங்களா? கேட்டா லயமே சிரிக்கும்."

நியாயமான பேச்சு. அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன். மிஞ்சியது இந்த ஆபீஸ் டெலிபோன்தான்.

அதோ சுவரில் இருக்கிறதே, அதுதான். வாய் பெட்டியோடு சேர்ந்திருக்கும். காது மட்டும் தனியாகக் கொக்கியில் தொங்கும். வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்து பேசுவார். மணி அடித்ததும் பெரிய கிளாக்கர் கந்தப்பன் ஐயா எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, காதை எடுத்து வைத்துக்கொண்டு "எஸ் சார்" என்பார். நான் இங்கே கூட்டுகிற இத்தனை வருஷத்தில் அவர் வேறு ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. ஏன் சார் என்றதில்லை. முடியாது சார் என்றதில்லை. பதில் எப்போதும் ஒன்றுதான் என்றால் கேள்வியைக் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? அந்த டெலிபோனுக்கு வாய் போதும், காது சும்மா தொங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. சும்மா கிடப்பதைத் தேவைப்பட்டவன் எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை தெரியவில்லை.

கிளாக்கர் ஐயா சாப்பிடப் போன நேரத்தில் மூடியைத் திருகி, உள்ளே இருந்த சாமானை எடுத்துக்கொண்டேன். எடை குறைந்து அவர் கைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று, பாலிஷ் டின்னின் மூடியையும் ஒரு சின்னக் கல்லையும் உள்ளே வைத்துத் திருகினேன். நான் செய்கிற வேலையில் ஒரு நேர்த்தி இருக்கும் ஐயா.

அன்று சாயந்தரம் முதல் தடவையாக இரண்டு காதிலும் கேட்டேன். இரண்டிலும் ஒரே பாட்டுத்தான் வந்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மனது கொஞ்சம் விட்டுப்போனது உண்மை. ஆனாலும் வீட்டுக்கு வந்த சாமானை முதல் நாளே குறை சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மணி அடித்தது. கிளாக்கர் ஐயா காதை எடுத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. குலுக்கிப் பார்த்தார். அடுத்த காதுக்கு மாற்றினார். பிறகு "எஸ் சார்" என்றார். கேட்கவில்லை என்று அவர் சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு முன் இருந்த கிளாக்கர் ஒரு நாள் "பார்டன் சார்?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். செவிடனுக்கு ஆபீசில் என்ன வேலை என்று துரை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

காதைக் கொக்கியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இக்னேசியசு, தொர இந்த நேரத்துல என்னா சொல்லியிருப்பாரு?"

"நீங்கதானேங்கய்யா கேட்டீங்க?"

"கேட்டேன்டா. வெளங்கல. வெள்ளக்காரன் வாயில வெத்தலய போட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி பேசுறான்."

எனக்கு ஒரு பொறுப்பு இருப்பதாகப் பட்டது. "மழ வருதுங்க. பீலிக்கரைய சரி பண்ணச் சொல்லியிருப்பாருங்க" என்றேன். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலி உடைந்து வெகு காலம். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அன்றைக்கே சரியாயிற்று. அடுத்த தடவை மணி அடித்தபோது லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருப்பார் என்றேன். அதற்கு அடுத்த தடவை, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குக் கதவு. துரை ஒரு நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வெள்ளையடித்த லயத்தை வெகு நேரம் பார்த்தார். தான் சொல்லாததை எவனும் செய்ய மாட்டான், ஆகவே தான்தான் சொல்லி மறந்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. "குட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சில வாரங்கள் நடந்தது போல் இந்தத் தோட்டம் எந்தக் காலத்திலும் ஒழுங்காக நடந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

இனி ஆண்டியப்பன். அவன் எனக்கு அடுத்த காம்பரா. பெண்சாதி வேலாயி, ஒரே பிள்ளை அழகம்மா. அவர்களோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. றோசலின் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேலாயிதான் எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆனால் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது ஐயா. அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்துவிட்டது. நல்ல பாட்டின் நடுவில் தொடங்கும். மூச்சு இழுத்து முடிகிற வரைக்கும் பாட்டு போய்விடும். ஒரு தரம் சுவரைத் தட்டினேன்.

"புள்ளைக்கு முடியலண்ணே. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றான் ஆண்டியப்பன்.

நான் பொறுத்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு மழை நாள். மணி அடித்தது. கிளாக்கர் ஐயா காதை வைத்துக்கொண்டு "எஸ் சார்" என்றார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி "எஸ் சார்" என்றார். வைக்கவே பயந்து நின்றுகொண்டிருந்தார். ஒருவழியாகப் பெட்டியின் மணி தட்டியது, அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. துரை வேலை சொன்னால் சுருக்கமாகச் சொல்வார். நீளமாகப் பேசினால் யாருடைய பேரோ வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பேர் வெட்டினால் வேலை இல்லை, காம்பராவும் இல்லை. அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

கிளாக்கர் ஐயா பேர்ப் புத்தகத்தை இழுத்து விரித்தார். "யாரு பேரா இருக்கும்டா? நாளைக்கி வந்து ஏன் வெட்டலன்னு கேட்டா எம்பேரையில்ல வெட்டுவான்."

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயா, போனுக்குக் காது இல்லை, அது என் வீட்டில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்று. லயம் கூப்பிடு தூரம்தான். அதை நான் நினைக்காமல் இல்லை. பாரபட்சம் இல்லாமல் யோசித்தேன். சொன்னால் என் பேர் வெட்டுப்படும். றோசலினும் நானும் தெருவில் நிற்போம். ஒரு குடும்பம் போகத்தான் வேண்டும் என்றால் எது போனாலும் கணக்கு ஒன்றுதானே. அதோடு அவர்கள் காம்பராவில் ரேடியோ இல்லை.

"ஆண்டியப்பனா இருக்கும்ங்க" என்றேன்.

"அவன் என்னாடா செஞ்சான்?"

"புள்ளைக்கு முடியலன்னு ரெண்டு நாளா பெரட்டுக்கு வரலீங்க."

பொய் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது அவன் நிற்கவில்லை.

மத்தியானம் அவர்கள் இறங்கினார்கள். நோர்வூட்டில் வேலாயிக்கு ஒரு அண்ணன். பஸ்ஸுக்கு வழியில்லை, நடந்தே போனார்கள். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வேலாயி தோளில் போட்டிருந்தாள். ஆண்டியப்பன் மட்டும் என் வாசலில் நின்றான்.

"அண்ணே, நீங்க ஆபீசுல இருக்கீங்க. தொர என்னா குத்தத்துக்கு வெட்டுனாருன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே."

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அன்று சாயந்தரம் பாட்டு நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்லப்போனால், இரண்டு காதையும் மூடிக்கொண்ட பிறகு இருமல் எனக்கு அவ்வளவாகக் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் துரை தானே ஆபீசுக்கு வந்தார். "ஆண்டியப்பன் புள்ளே, அனுப்பியாச்சா?" என்று கேட்டார்.

"அனுப்பியாச்சுங்க சார்" என்றார் கிளாக்கர் ஐயா.

"குட்" என்றார் துரை.

துரை போனதும் கிளாக்கர் ஐயா என் முதுகில் தட்டினார். "பேரு சரிதான்டா" என்றார். எனக்கும் பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தவக்காலத்தில் சினிமாப் பாட்டுக் கேட்டதைச் சாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அதற்குரிய செபத்தைச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். ஆகவே அந்தப் பக்கத்தில் என் மேல் பாக்கி ஒன்றும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விட்டுப்போன கோழியைப் பிடித்துப் போக ஆண்டியப்பன் தனியாக வந்திருக்கிறான். துரை வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "புள்ளே எப்படி?" என்று கேட்டிருக்கிறார். ஆண்டியப்பன் சொல்லியிருக்கிறான். பிள்ளை நோர்வூட் வரைக்கும் போய்ச் சேரவில்லை. துரை நேரே இங்கே வந்தார். போனை எடுத்தார், வைத்துப் பார்த்தார், மூடியைத் திருகினார். நான் அப்போதுதான் கூட்டி முடித்திருந்த தரையில் பாலிஷ் மூடி விழுந்து உருண்டது.

அன்று போனில் பேசியதாகத் துரை எழுதிக் கொடுத்ததை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஆண்டியப்பன் பிள்ளைக்குக் கக்குவான் முற்றிவிட்டதென்று டாக்டரய்யா சொல்கிறார், தோட்டத்து லொறியில் உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, தாயையும் தகப்பனையும் கூட அனுப்பு, அவன் வரவில்லையென்று பேரை வெட்டிவிடாதே. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். பாவம், சின்னப் பிள்ளை.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. காதை எடுத்தது நான். கேட்காத உத்தரவைக் கேட்டது போல் சொன்னது நான். ஓடிப்போய் எடுத்து வராமல் நின்றதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாமான் அந்தக் கைக்குட்டையில் இருக்கிறது, கீழே போட்டுவிடாமல் பார்த்து எடுங்கள்.

ஆனால் இன்னும் ஒரு வரி நீங்கள் எழுதவில்லை ஐயா. இந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், எத்தனை பேர். துரை அன்று சொன்னது ஆண்டியப்பன் என்ற பேரைத்தான். போனில் காதே இல்லாதபோது, மூலையில் விளக்குமாற்றோடு நின்ற நான் அந்தப் பேரைச் சரியாகச் சொன்னேன். நல்ல காது என்று முதலில் சொன்னேனே, அதைத்தான் சொன்னேன்.